பேர் வைக்கிற நர்சம்மா

செஞ்சியில் அவர் வேலை பார்த்த ஏழு வருஷத்தில் அவர் கையில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு அடையாளம் உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும்போது அப்பன் பேர் சடையன் என்றிருக்கும், அம்மா பேர் பச்சையம்மாள் என்றிருக்கும், பிள்ளையின் பேர் மட்டும் வாளும் கேடயமுமாக வந்து நிற்கும். அரிகண்டதேவன், நீலகங்கை, வீரமார்த்தாண்டி. பதிவேட்டில் எழுதிக்கொண்டே நான் கேட்பேன், "நர்சம்மா கையில பொறந்ததா?" என்று. "ஆமா சார், எப்படிக் கண்டுபுடிச்ச?" என்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. அது அவருக்கே பிடிக்காத பேர். செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்துவ ஊரில் பிறந்தவர். "எங்க ஊர்ல பொட்டப் புள்ளைக்கு மொத்தமே நாலு பேருதான் சார். கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வரும்போது அதுல ஒண்ணச் சொல்லிக் கூப்ட்டா முப்பது பேரு திரும்பிப் பாப்போம். திட்டறது யாரன்னுகூடத் தெரியாது. பொதுவா வாங்கிக்குவோம்" என்பார். ஊர் அவரை நர்சம்மா என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நான் அப்போது செஞ்சி நடுநிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். அவர் அரசாங்கத் தாய்சேய் விடுதியில் மிட்வைஃப். ஒரே வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர். நல்ல உயரம், வெள்ளைப் புடவை, கையில் கறுப்புத் தோல்பை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று நாங்கள் கேட்டதுமில்லை. அந்தப் பைக்குள் கத்தரிக்கோல், கொதிக்கவைத்த நூல், பஞ்சு, டிங்சர் எல்லாம் இருக்கும். அவற்றோடு ரப்பர் துணியில் சுற்றி அந்த வாரத்துப் பத்திரிகையும் இருக்கும். வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கும் பத்திரிகை. அதில் வரும் சரித்திரத் தொடர்கதைக்காகத்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்று என் மனைவி கேலி செய்வாள். அவர் மறுக்க மாட்டார்.

வலி கண்டு படுத்திருக்கிறவளுக்கு அந்தக் கதையை வாசித்துக் காட்டுவார். "வலி கூடறதுக்கு நேரமாவும். அதுவரைக்கும் அவளும் நானும் சொவுத்தப் பாத்துகினு கெடக்கணுமா?" என்பது அவர் நியாயம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், செருப்பில்லாமல் பத்து மைல் நடந்து வருகிறவர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிற நேரத்திலும் "அப்புறம்?" என்று கேட்பார்களாம். அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. என் மனைவிக்கு மூத்தவன் பிறந்தபோது வெளியில் நின்று நானே காதால் கேட்டேன்.

பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி வெட்டி, குளிப்பாட்டி, துணியில் சுற்றி, பேர் சொல்லித்தான் தாயின் கையில் கொடுப்பார். "பேரில்லாத புள்ளய நான் கையில குடுக்க மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். பிறப்புச் சீட்டிலும் உடனே எழுதிவிடுவார். இதற்குக் காரணம் இருந்தது. சீட்டில் பேர் காலியாக இருந்தால் கிராமத்து மணியக்காரர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிவிடுவார். காலனித் தெருப் பிள்ளை என்றால் அவருக்கு யோசனையே தேவையில்லை. குப்பு, பிச்சை, மண்ணாங்கட்டி, இந்த மூன்றுக்குள் முடிந்துவிடும். நர்சம்மா அந்தக் காலி இடத்தில் ராஜாக்களை உட்காரவைத்தார்.

இதில் ஒரு சிக்கலை அவர் எதிர்பார்க்கவில்லை. தொடர்கதை என்பது வாராவாரம் நகர்கிற சங்கதி. பேர் பதிவேட்டில் ஏறிய பிறகும் பேருக்குச் சொந்தக்காரர் கதையில் நடமாடிக்கொண்டுதான் இருப்பார். ஒரு வண்டிக்காரரின் மகனுக்குச் சமரகேசரி என்று ஒரு தளபதியின் பேரை வைத்தார். ஒன்பதாவது வாரம் அந்தத் தளபதி முதுகில் அம்பு வாங்கிச் செத்துப்போனார். வண்டிக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "முதுவுல வாங்கனவன் பேர எம்புள்ளைக்கு வெச்சிட்டியேம்மா. நாலு பேரு கேக்கறான். மாத்திக் குடு. இந்த வாட்டி சாவாத ஆளாப் பாத்து வையி" என்றார். நான்தான் பேர்மாற்ற மனு எழுதிக் கொடுத்தேன். நர்சம்மா யோசித்து மேகவிசயன் என்று சொன்னார். வண்டிக்காரருக்குப் பரம திருப்தி. அவர் போன பிறகுதான் அது கதையில் வரும் குதிரையின் பேர் என்று தெரிந்தது.

"குதிரை மட்டும் சாகாதா?" என்றேன்.

"குதிரையக் கொன்னா படிக்கிறவங்க சும்மா வுட மாட்டாங்க சார். எழுதறவனுக்கு அது தெரியும்."

அதற்குப் பிறகு ஒரு விதி செய்துகொண்டார். கதைக்குள் வந்து இருபது வாரம் ஆகாத ஆளின் பேரை எந்தப் பிள்ளைக்கும் வைப்பதில்லை. இருபது வாரம் தாக்குப்பிடித்தவர் கடைசிவரை தாக்குப்பிடிப்பார் என்பது அவர் கணக்கு.

எனக்கு இந்தக் கதைகள் ஆகாது. ராஜகிரிக் கோட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே படுத்து எழுகிறவன் நான். யார் எந்த வருஷம் முற்றுகை போட்டான், எந்த மதிலை எப்போது உயர்த்தினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். பத்திரிகையில் பாதி ராத்திரி குளம்போசை இல்லாமல் ஒரு அத்தியாயம் தொடங்காது, யாராவது மாறுவேஷம் போடாமல் முடியாது. இவ்வளவு நாளாகக் கோட்டைக்கு அடியிலேயே இருந்தும் நர்சம்மா அங்கே போனதில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் மனைவியும் அழைத்துக்கொண்டு போனோம். தானியக் களஞ்சியத்தின் சுவர் எத்தனை கனம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கல்யாண மகாலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஊஞ்சல் எங்கே கட்டியிருப்பார்கள் என்று என் மனைவியோடு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"நடந்ததைப் படிக்கலாமே நர்சம்மா. இட்டுக்கட்டினது எதுக்கு?" என்றேன். எரிச்சல்தான்.

"நாள் பூரா ரத்தமும் மூத்திரத் துணியும் அழுகையும்தான் சார் எனக்கு. ஊட்டுக்கு வந்தும் அதையேவா படிக்கணும்?"

"உங்க கதையிலயும் அழறாங்களே."

"அழுவறாங்கதான். பட்டுப் பொடவ கட்டிகினு அழுவறாங்க. அத நான் பாக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு, "உங்க ராஜாங்க எப்பவும் சண்டையே போட்டுகினு இருக்கறாங்க. ஒருத்தனாவது ஒருத்திய ஆசையா பாத்தான்னு உங்க புஸ்தகத்துல இருக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

இனி அந்த வருஷத்துத் தபசு காலத்துக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் கிறிஸ்துவர்கள் விரதம் இருப்பார்கள். பிடித்த ஒன்றை விட்டுவிடுவதாக நேர்ந்துகொள்வார்கள். கவிச்சியை விடுவார்கள், காப்பியை விடுவார்கள், சுருட்டை விடுவார்கள். நர்சம்மா தொடர்கதையை விட்டார். அதைத் தவிர விடுவதற்கு அவரிடம் வேறு ஒன்றும் இல்லை. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து, வாராவாரம் பத்திரிகையை வாங்கி என் பெட்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"நீங்க படிக்கறதுன்னா படிங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. மூஞ்சிலயும் காட்டக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

நானாவது இதைப் படிப்பதாவது என்று சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தேன். முதல் வாரம் பெட்டியில் வைத்தேன். இரண்டாவது வாரம் சும்மா புரட்டினேன். மூன்றாவது வாரம் பஸ் வருவதற்குக் கால் மணி முன்பே பத்திரிகைக் கடை வாசலில் நின்றேன். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

கதையின் நாயகி மகரவல்லி என்ற இளவரசி. முப்பது வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்துவிட்டவள். தபசு தொடங்கிய மறு வாரம், அனந்தபுரம் போகிற வழியில் ஒரு கிராமத்தில் நர்சம்மா இரண்டு பிரசவம் பார்த்தார். செவ்வாய்க்கிழமை ஊரில் பெரிய வீட்டுப் பெண்ணுக்கு, புதன்கிழமை காலனியில் வேண்டா என்பவளுக்கு. இரண்டும் பெண்.

வேண்டா என்பது வைத்த பேர்தான். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் எங்கள் பக்கத்தில் அப்படி வைத்துவிடுவார்கள், இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரிவிப்பதற்காக. இப்போது அவளுக்கும் மூன்றாவது பெண். மாமியார்க்காரி போதும்பொண்ணு என்று ஒரு பேரைத் தயாராக வைத்திருந்தாள். நர்சம்மா பிள்ளையைச் சுற்றிக் கையில் எடுத்ததும் வேண்டா அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கோட்டக்காரி பேரு இன்னாம்மா? அதையே வெச்சிடு" என்று கேட்டிருக்கிறாள். மாதா மாதம் பரிசோதனைக்கு வந்தபோதெல்லாம் கதை கேட்டவள் அவள். முந்தின நாள்தான் பெரிய வீட்டுப் பெண்ணும் பத்திரிகை படிக்கிறவள் என்பதால் அதே பேரைக் கேட்டு வாங்கியிருந்தாள். ஒரே ஊரில் ஒரே பேர் இரண்டு வீட்டில் இருக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறதா என்று நர்சம்மா என்னிடம் கேட்டார். அப்படி ஒரு சட்டமும் இல்லை என்றேன். சட்டம் இல்லைதான்.

ஒரு வாரத்தில் பெரிய வீட்டிலிருந்து சேதி வந்தது. காலனிப் பிள்ளையின் பேரை மாற்ற வேண்டும். தங்கள் பேத்தியைக் கூப்பிட்டால் சேரியிலிருந்து ஒருத்தி திரும்பிப் பார்ப்பதா என்று கேட்டார்களாம். வேண்டா மாற்றவில்லை. மல்லாட்டை பிடுங்குகிற நேரம் அது. வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வேண்டாவையும் அவள் புருஷன் ஏழுமலையையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அரிசி கிடைக்காமல் ரேஷன் கடையில் நின்று அலுத்த வருஷம் வேறு. ஏழுமலை நர்சம்மாவைத் தேடி வந்து, "மாத்திடலாம்மா. பேரா சோறு போடுது? அவகிட்ட நீயே சொல்லு" என்றான். நர்சம்மா போய்ச் சொன்னதற்கு வேண்டா, "எம்பேரச் சொல்லி யாரு கூப்ட்டாலும் என்ன வேணாம்னுதாம்மா கூப்புடறாங்க. இதுக்கும் அப்பிடி வெக்க மாட்டேன்" என்றாளாம். அதைச் சொல்லும்போது நர்சம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு மணியக்காரர் வந்தார். மேலே மனு போகும், மாற்றல் வரும் என்று மிரட்டினார்.

"உங்க ஊட்ல நாலு பிரசவம் பாத்திருக்கேன். நாலுக்கும் நான்தான் பேரு வெச்சேன். அதையும் சேத்து மாத்திடுங்க. மனு வாத்தியார் எழுதுவாரு" என்று நர்சம்மா என்னைக் காட்டினார். மணியக்காரர் குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் நர்சம்மா வாசற்படியில் உட்கார்ந்தார். "மாத்தல்னா கஷ்டந்தான் சார். ஆனா பெத்தவ கேக்காம நான் வெச்ச பேர நானே அழிக்க மாட்டேன்" என்றார்.

தபசின் நான்காவது வாரம் பத்திரிகை வந்தது. கடை வாசலிலேயே பிரித்தேன். முழுப் பக்கப் படம். கையில் சாவிக்கொத்தோடு மகரவல்லி. எட்டு மாதமாக முற்றுகையில் கிடக்கும் தன் தகப்பனின் கோட்டைக் கதவை, எதிரிப் படைத்தலைவன் மேல் கொண்ட காதலால், அவளே உள்ளிருந்து திறந்துவிட்டாள். படை உள்ளே நுழைகிறது, தொடரும். வெயிலில் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை நர்சம்மா சந்தோஷமாக வந்தார். "பாத்தீங்களா சார், வுட்டுட்டாங்க. அவங்க புள்ளைக்குப் பாட்டி பேர வெச்சிட்டாங்களாம். வேண்டாவையும் மல்லாட்டைக்குக் கூப்ட்டுட்டாங்க. ஆண்டவர் அவங்க மனசத் தொறந்துட்டாரு."

பெரிய வீட்டிலும் பத்திரிகை வாங்குகிறார்கள் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது. "நல்லது" என்றேன். சத்தியம் செய்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் சத்தியம். என்ன நடக்கிறது பார்ப்போம் என்ற வேடிக்கைப் புத்திதான் மீதி. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு கூத்தும் நடந்துகொண்டிருந்தது. பிள்ளையை எடைபோடவும் பால் பவுடர் கொடுக்கவும் வாராவாரம் அவர் காலனிக்குப் போவார். போனால் பெண்கள் சூழ்ந்துகொண்டு "அப்புறம்?" என்பார்கள். அவரோ படிக்கவில்லை. அதனால் தானே கட்டிச் சொன்னார். "தபசுல படிக்க மாட்டேன்னுதான் நேர்ந்துகினேன். சொல்ல மாட்டேன்னு நேர்ந்துக்கலையே" என்று எனக்கு விளக்கம் வேறு.

ஈஸ்டரன்று காலைப் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். புதுப் புடவை, கையில் கேக் பொட்டலம். பெட்டியிலிருந்து ஏழு பத்திரிகைகளையும் எடுத்து வரிசைப்படி அடுக்கிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். நான் கொல்லைப்புறம் போய்விட்டேன். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது எல்லாவற்றையும் மூடி மடியில் வைத்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அதான் வுட்டுட்டாங்க. இப்ப அந்தப் பேரு அவளுக்கே இருக்கட்டும்னு வுட்டுட்டாங்க. ஊர்ல இருக்கற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. நான்தான் அந்தப் புள்ள தலையில கட்டனேன்" என்றார். பிறகு, "ஒரு மனு எழுதுங்க சார்" என்றார்.

எழுதினேன். மேற்படி பெயர் இழுக்குடையது எனப் பின்னர் தெரியவந்தபடியால் அதனை நீக்கி, என்று நல்ல கையெழுத்தில், அரசாங்கத் தமிழில். புதுப் பேருக்கு இடம் காலியாக விடச் சொன்னார். இந்தத் தடவை தாயே சொல்லட்டும் என்றார். அவர் காலியாக விட்டு நான் பார்த்த ஒரே காகிதம் அதுதான்.

மறுநாள் கைநாட்டு வாங்கப் பள்ளிக்கூடத்து மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். மத்தியானம் காலனிக்குப் போய்ச் சேர்ந்தோம். வேப்பமரத்தடியில் வேண்டாவும் இன்னும் மூன்று பெண்களும் பிடுங்கிய செடியைக் குவித்துப்போட்டு மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கிளையில் தூளி. ஏழுமலை எனக்கு ஒரு பலகை கொண்டுவந்து போட்டான்.

நர்சம்மா உட்காரவில்லை. நின்றபடியே, "வேண்டா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று தொடங்கினார்.

"தெரியும்மா" என்றாள் வேண்டா. கை நிற்கவில்லை. "மூணு வாரமா மல்லாட்டக் கொல்லையில அதான் பேச்சு. 'இன்னாடி, காட்டிக்குடுத்தவள பெத்தவளே, வா'ன்னுதான் பெரியவூட்டம்மா வேலைக்கே கூப்புடறாங்க. நீதான் ஒண்ணுமே சொல்லல."

"நான் படிக்கல வேண்டா. எனக்குத் தபசு."

"அப்ப வாரா வாரம் வந்து நீ சொன்ன கத?"

"நானா சொன்னது."

வேண்டா சிரித்துவிட்டாள். மற்றவர்களும் சிரித்தார்கள். "அதான் உப்பு ஒறப்பு இல்லாம இருந்துச்சு. ஆறு வாரமா அவ சீல மாத்திகினே இருந்தா. வேற ஒண்ணுமே நடக்கல."

நர்சம்மா சிரிக்கவில்லை. மனுவைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். இழுக்கு என்ற இடத்தில் ஏழுமலை என்ன என்று கேட்டான். கெட்ட பேர் என்றேன். "அப்ப மாத்திடலாம். கைய வெய்யி" என்று பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னான். நான் மை டப்பாவைத் திறந்து வைத்தேன்.

"மொதல்ல கதயச் சொல்லும்மா. நெசக் கதய. அவ இன்னா பண்ணான்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றாள் வேண்டா.

நர்சம்மா தரையில் உட்கார்ந்து பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். புடவை மண்ணாவதைப் பார்க்கவில்லை. வரிவிடாமல் வாசித்தார். முற்றுகை, வற்றிப்போன குளம், படைத்தலைவனின் ரகசிய ஓலை, ராஜாவின் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்த சாவி. பெண்கள் ஆய்வதை நிறுத்தியிருந்தார்கள். நான் நான்கு தடவை படித்த அத்தியாயம், இருந்தும் எனக்கும் அங்கே புதிதாகத்தான் இருந்தது. கதவு திறந்த இடத்தில் வேண்டா கையை நீட்டி நிறுத்தினாள்.

"எட்டு மாசமா அந்தக் கதவு சாத்தியே கெடந்துச்சா?"

"ஆமா."

"கொளத்துலயும் தண்ணி இல்ல?"

"இல்லன்னுதான் எழுதியிருக்கான்."

"ராசாவூட்டுக்குத் தண்ணி சொமக்கறவளுங்க, நெல்லு குத்தறவளுங்க, அவளுங்கல்லாம் உள்ளதான இருந்திருப்பாளுங்க?"

"உள்ளதான் இருந்திருப்பாங்க."

"புள்ளகுட்டி இருந்திருக்குமே அவளுங்களுக்கு."

நர்சம்மா பக்கத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். "அவங்களப் பத்தி எழுதல வேண்டா" என்றார்.

"கதவு தொறந்ததும் அவளுங்க வெளிய போனாளுங்களா?"

நர்சம்மா என்னைப் பார்த்தார், சரித்திர வாத்தியார் சொல்லட்டும் என்பதுபோல. இத்தனை வருஷம் அந்தக் கோட்டையைப் பற்றிப் பாடம் நடத்தியும் அப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை. அவரே கொஞ்சம் யோசித்து, "தொறந்திருந்தா போயிருப்பாங்க. யாரு நிப்பா?" என்றார்.

"அப்ப எவளாவது ஒருத்தி தொறந்துதான ஆவணும்."

வேண்டா செடியை எடுத்து மறுபடியும் ஆயத் தொடங்கினாள். "அப்புறம் அவள இன்னா பண்ணாங்க?"

"இன்னும் வரல. அதுக்கப்புறம் மூணு வாரமும் சண்டதான் எழுதியிருக்கான். வியாழக்கெழமதான் வரும்."

"இன்னா வேணா பண்ணட்டும். பேரு இருக்கட்டும்மா" என்றாள்.

ஏழுமலை ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டான். நான் மை டப்பாவை மூடினேன். இழுக்குடையது என்று அழகாக எழுதியிருந்த காகிதத்தை அவர்கள் கண்ணில் படாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் தள்ளினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

நர்சம்மா எழுந்து தூளியை விலக்கினார். குனிந்து, "மகரவல்லி" என்று முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"அழுவாதம்மா, புள்ள முழிச்சிக்கும்" என்றாள் வேண்டா.